மகன் இருந்தால் போதாது, கடதாசியும் வேண்டும்

“மகன் இருக்கிறான்தானே தம்பி, பிறகென்ன கடதாசி?”

ஹரோ, ஈஸ்ட்ஹாம், ரூற்றிங் என்று லண்டனில் எந்தத் தமிழ் வீட்டில், ஏலாமற்போகும் காலத்துக்கு எழுதி வைக்கும் அதிகாரப் பத்திரம் பற்றிய பேச்சை எடுத்தாலும் முதலில் வந்து விழுவது இந்தக் கேள்விதான். இந்த முறை கேட்டவர் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர். எழுபதைத் தாண்டிவிட்டார். அவருடைய கணவரும் ஊரில் படிப்பித்தவர். எல்லாருக்கும் அவர் மாஸ்ரர். மாஸ்ரருக்குக் கொஞ்சக் காலமாகப் பெயர்கள் சட்டென்று வாயில் வருவதில்லை. பால் வாங்கக் கடைக்குப் போய் பாண் வாங்கிக்கொண்டு வருகிறார். மற்றப்படி ஆள் தெளிவு. தேத்தண்ணியும் தட்டில் நாலு உழுந்து வடையும் வந்த பிறகு பேசத் தொடங்கினோம்.

ரீச்சருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். இங்கிலாந்துச் சட்டத்தில் மகன் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவருக்குத் தன் தகப்பனின் வங்கிக் கணக்கில் கைவைக்கும் அதிகாரம் கிடையாது. மனைவி என்ற காரணத்துக்காகவும் கிடையாது. வைத்தியசாலைப் படிவத்தில் ‘நெக்ஸ்ட் ஒஃப் கின்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் மகனுடைய பெயரை எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் கனபேர். அந்தக் கட்டம் யாருக்குத் தகவல் சொல்வது என்பதற்காக. யார் முடிவெடுப்பது என்பதற்கு அது செல்லாது.

“ரெண்டு பேர்ட பேரிலயும்தானே எக்கவுண்ட் இருக்கு? இவருக்கு ஏலாமப் போனா நான் எடுக்கிறன்.”

அதிலும் ஒரு கொக்கி உண்டு. கூட்டுக் கணக்கில் ஒருவர் தன் சுயமுடிவெடுக்கும் திறனை இழந்துவிட்டார் என்று வங்கிக்குத் தெரியவந்தால், அந்தக் கணக்கை அது கட்டுப்படுத்தலாம். சாப்பாடு, கரண்ட் பில் போன்ற அன்றாடச் செலவுக்கு மட்டும் விட்டுவிட்டு மற்றதை நிறுத்தி வைக்கலாம். வீடும் அப்படித்தான். இருவர் பெயரிலும் உள்ள வீட்டை ஒருவருடைய கையெழுத்தில் விற்க முடியாது. படி ஏற முடியவில்லை, சின்ன வீட்டுக்குப் போவோம் என்று நினைக்கிற நேரத்தில்தான் இது பெரிய இடியாக வந்து விழும்.

இதற்காக முன்கூட்டியே எழுதி வைக்கும் பத்திரத்தைத்தான் ‘லாஸ்ரிங் பவர் ஒஃப் அற்றோர்னி’ என்கிறார்கள், பேச்சு வழக்கில் எல்.பி.ஏ. நம்மூரில் காணி அலுவலுக்கு எழுதும் அற்றோர்னித் தத்துவத்தின் உறவுக்காரன்தான். ஆனால் சாதாரணத் தத்துவம், எழுதிக் கொடுத்தவர் புத்தித் தெளிவை இழந்ததும் செத்துவிடும். எல்.பி.ஏ. அதற்குப் பிறகும் செல்லும்; அப்போதுதான் அது பெரிதும் வேண்டியிருக்கும். இதில் ‘அற்றோர்னி’ என்பவர் சட்டத்தரணி அல்ல. நீங்கள் நம்பிப் பொறுப்புக் கொடுக்கிற ஆள். மகள், தம்பி, பக்கத்து வீட்டுச் சிநேகிதி, யாராகவும் இருக்கலாம். பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். காசு சம்பந்தமான பத்திரமென்றால் வங்குரோத்து ஆனவராக இருக்கக்கூடாது.

2005ஆம் ஆண்டின் மென்ரல் கப்பாசிற்றி சட்டம்தான் இதற்கு அடிப்படை. அது நடைமுறைக்கு வந்தது 2007 ஒக்டோபர் 1. அதற்கு முன்னர் ‘என்டியூரிங் பவர்’ என்று வேறொன்று இருந்தது. பழைய கோப்புக்குள் அந்தத் திகதிக்கு முன்னர் கையெழுத்திட்ட ஒன்று கிடந்தால் எறிந்துவிடாதீர்கள், அது இன்னும் செல்லும். ஆனால் காசு, சொத்து விடயத்துக்கு மட்டும். இங்கே நான் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும். ஸ்கொட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் சட்டம் வேறு.

எல்.பி.ஏ. இரண்டு வகை. ஒன்று சொத்து, பணம் பற்றியது: வங்கி, பென்சன், வீடு, பில், வரி. மற்றது உடல்நலம், பராமரிப்பு பற்றியது: எந்தச் சிகிச்சை, எந்த இடத்தில் வாழ்வது, என்ன சாப்பாடு, யார் குளிப்பாட்டுவது. இரண்டும் தனித்தனிப் பத்திரங்கள். தனித்தனிக் கட்டணம். தனித்தனி ஆட்களைக்கூடப் போடலாம். பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. பணப் பத்திரத்தை, நீங்கள் அனுமதித்தால், நல்ல தெளிவோடு இருக்கும்போதே பயன்படுத்தலாம். முழங்கால் வலியில் வங்கிவரை நடக்க முடியாதவருக்கு அது பெரிய உதவி. உடல்நலப் பத்திரம், நீங்களே முடிவெடுக்க முடியாத நிலை வந்த பிறகுதான் உயிர்பெறும். அதுவரை உங்கள் வாய்ச்சொல்தான் சட்டம்.

பத்திரம் எழுதாமல் விட்டால் என்ன நடக்கும்? பிள்ளைகள் ‘கோர்ட் ஒஃப் புரொடெக்ஷன்’ என்ற நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்து, ‘டெபியூட்டி’ என்ற நியமனத்தைப் பெற வேண்டும். விண்ணப்பக் கட்டணம் எல்.பி.ஏ. கட்டணத்தைப்போலப் பல மடங்கு. மருத்துவச் சான்று வேண்டும். பிணைப் பணத்துக்குக் காப்புறுதி கட்ட வேண்டும். நியமனம் கிடைத்த பிறகும் வருடாவருடம் கணக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு மேற்பார்வைக் கட்டணமும் உண்டு. மாதக்கணக்கில் இழுபடும் அந்த நேரத்தில் பராமரிப்பு நிலையத்தின் பில் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருக்கும். உடல்நலம் பற்றி முடிவெடுக்க டெபியூட்டி நியமிப்பதோ அபூர்வம். அங்கே வைத்தியர்களும் சமூக சேவையாளர்களும் குடும்பத்தைக் கலந்து பேசுவார்கள்; கடைசி வார்த்தை குடும்பத்தின் கையில் இராது.

“அப்ப இவருக்கு மறதி எண்டு டொக்டர் எழுதிப்போட்டார் எண்டா இனி ஏலாதோ?” ரீச்சர் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். மாஸ்ரர் காதில் விழாமலா இருக்கும். வடையைப் பிய்த்துக்கொண்டே, “நான் இஞ்சதான் இருக்கிறன்” என்றார்.

ஏலும். டிமென்ஷியா என்று பெயர் வைத்த உடனேயே கதவு சாத்தப்படுவதில்லை. சட்டத்தின் முதல் விதியே, ஒருவருக்குத் திறன் இல்லை என்று நிறுவும்வரை அவருக்குத் திறன் உண்டு என்றுதான் கொள்ள வேண்டும் என்பது. கேள்வியும் மொத்தமாகக் கேட்கப்படுவதில்லை. இந்த ஒரு முடிவை, இந்த நேரத்தில் எடுக்க முடியுமா என்றுதான் பார்ப்பார்கள். சொல்வது விளங்குகிறதா, முடிவெடுக்கும் நேரம்வரை மனதில் நிற்கிறதா, நன்மை தீமையைத் தூக்கிப்பார்க்க முடிகிறதா, தன் முடிவை ஏதோ ஒரு வழியில் வெளிப்படுத்த முடிகிறதா. இந்த நாலும் போதும். நேற்று என்ன சாப்பிட்டேன் என்பது மறந்துபோனவர்கூட, என் காசை என் மகள்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவள் கணக்கில் சுத்தம் என்று தெளிவாகச் சொல்லக்கூடும். ஆரம்ப நிலை மறதி என்று தெரிந்தால், ஜீ.பி.யிடமிருந்து ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொண்டு தாமதியாமல் எழுதிவிடுவது புத்தி. பாரிசவாதம் முன்னறிவித்தல் கொடுத்துவிட்டு வருவதில்லை. ஆகவே மறதி இல்லாதவரும் எழுத வேண்டும். ரீச்சரும்தான்.

அதே சட்டத்தில் இன்னொரு விதி நம்மவர்களுக்கு மிகவும் வேண்டியது. ஒருவர் தானே முடிவெடுப்பதற்குக் கொடுக்கக்கூடிய எல்லா உதவியையும் கொடுத்துப் பார்க்காமல், அவரால் முடியாது என்று தள்ளக்கூடாது. மொழியும் அந்த உதவிக்குள் அடங்கும். ஐம்பது வருடம் லண்டனில் இருந்தவருக்கும் வயது போகப்போக ஆங்கிலம் கழன்று தமிழ் மட்டும் மிஞ்சக்கூடும். ஆங்கிலத்தில் கேட்டு அவர் விழித்தால், அது திறன் இல்லாமையா, மொழி இல்லாமையா என்று பார்க்க வேண்டியது கேட்பவரின் கடமை.

இனி, யாரைப் போடுவது?

இதில்தான் நமது வீடுகளில் நேரம் போகும். போகவும் வேண்டும். மூத்த மகன் என்பதால் அவன் பெயர் தானாக வந்து உட்கார்ந்துவிடும். நான் கேட்பது வேறு கேள்விகள். இவன் தன் சொந்தக் காசை எப்படி வைத்திருக்கிறான்? கடிதம் வந்தால் பிரித்துப் பார்க்கிறவனா, மேசையில் குவிக்கிறவனா? தங்கச்சியோடு பேச்சுவார்த்தை உண்டா? வியாபாரத்தில் கடன் கழுத்தை நெரிக்கிறதா? கடைசிக் கேள்வி கேட்கக் கூச்சமானது, ஆனால் முக்கியமானது. நல்ல பிள்ளையும் நெருக்கடியில், பிறகு வைத்துவிடலாம் என்று எடுத்துவிடும். தாய் தகப்பனின் காசு வேறு, அற்றோர்னியின் காசு வேறு. இரண்டையும் கலக்கக்கூடாது, கணக்கு எழுதி வைக்க வேண்டும் என்பது சட்டம்.

மாஸ்ரர் குடும்பத்தில் மகன் இங்கே, மகள் ரொறொன்ரோவில். வெளிநாட்டில் இருப்பவரையும் போடலாம், தடையில்லை. ஆனால் வங்கியில் ஒரு படிவத்துக்கு ஆளைக் காட்ட வேண்டும் என்றால் ரொறொன்ரோவிலிருந்து எத்தனை தரம் பறப்பது? உடல்நலத்துக்கு மகள், காசுக்கு மகன் என்று பிரிப்பது ஒரு வழி. இரண்டுக்கும் இருவரையும் போடுவது இன்னொரு வழி.

இருவர் என்றால் அவர்கள் எப்படிச் செயற்படுவது என்று படிவத்தின் மூன்றாம் பகுதி கேட்கும். இங்கே அவசரப்பட்டுக் கோடிட்டால் பின்னால் வருந்த வேண்டியிருக்கும். ‘ஜொயின்ற்லி’ என்று போட்டால் ஒவ்வொரு முடிவுக்கும் இருவரும் ஒன்றாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவர் இறந்தாலோ விலகினாலோ, மாற்று ஏற்பாடு எழுதியிராவிட்டால் மொத்தப் பத்திரமும் படுத்துவிடும். ‘ஜொயின்ற்லி அண்ட் செவரலி’ என்றால் சேர்ந்தும் செய்யலாம், தனித்தும் செய்யலாம்; ஒருவர் இல்லாமற்போனாலும் மற்றவர் தொடர்வார். பிள்ளைகளுக்குள் பிரச்சினை வரக்கூடாது, இரண்டு பேரும் சேர்ந்தே கையெழுத்து வைக்கட்டும் என்று ஆசைப்பட்டு முதலாவதைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் உண்டு. ஒற்றுமையைப் படிவத்தால் வாங்க முடியாது. பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டாவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். வீட்டை விற்பது போன்ற ஒன்றிரண்டு பெரிய முடிவுக்கு மட்டும் இருவரும் சேர வேண்டும் என்று எழுதவும் வழி இருக்கிறது; ஆனால் அந்தப் பகுதிக்கும் மேலே சொன்ன பலவீனம் உண்டு.

கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் அற்றோர்னியாக இருப்பது வழக்கம், நல்லதும்கூட. ஆனால் இருவருக்கும் சேர்ந்துதான் வயது போகிறது. ஆகவே நாலாம் பகுதியில் மாற்று அற்றோர்னிகளாகப் பிள்ளைகளின் பெயரையும் கட்டாயம் எழுதுங்கள்.

“சரி, நான் ஒவ்வொரு மாசமும் யாழ்ப்பாணத்தில இருக்கிற தங்கச்சிக்குக் காசு அனுப்புறன். எனக்கு ஏலாமப் போனா மகன் அனுப்புவான்தானே?”

இந்தக் கேள்வியை ரீச்சர் கேட்டது நல்லது. ஆங்கிலேயருக்காக எழுதிய கையேடுகளில் இந்தப் பிரச்சினை பெரிதாக வராது. நமக்கோ வீட்டுக்கு வீடு உண்டு. அற்றோர்னி தன்னிஷ்டப்படி தானம் கொடுக்கச் சட்டம் விடுவதில்லை. பிறந்தநாள், கலியாணம், பண்டிகை போன்ற வழக்கமான தருணங்களில் உறவினருக்கோ நெருங்கியவருக்கோ, சொத்தின் அளவுக்கு ஏற்ற நியாயமான தொகை கொடுக்கலாம். நீங்கள் வழக்கமாகக் கொடுத்துவந்த தர்ம நிறுவனத்துக்கும் அதே அளவுகோலில் கொடுக்கலாம். தைப்பொங்கலுக்குப் பேரப்பிள்ளைக்கு ஐம்பது பவுண் கொடுப்பதில் ஒரு பிழையும் இல்லை. பேத்தியின் வீட்டுக்கு முன்பணமாக ஐம்பதினாயிரம் கொடுப்பது அதற்குள் அடங்காது. அதற்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். அம்மா சுகமாக இருந்தால் கொடுத்திருப்பா என்ற வாதம் அங்கே போதாது.

தங்கச்சிக்கு மாதாமாதம் அனுப்பும் காசு பண்டிகைப் பரிசு அல்ல. அதனால் மகன் தொடர்ந்து அனுப்பினால் நாளை யாராவது கேள்வி கேட்கலாம். பத்திரத்தின் ஏழாம் பகுதியில் உங்கள் விருப்பங்களையும் கட்டளைகளையும் எழுத இடமிருக்கிறது. தங்கச்சி உங்களை நம்பி வாழ்கிறவர், எவ்வளவு அனுப்புகிறீர்கள் என்பதை அங்கே எழுத வேண்டும். இந்த வசனத்தை மட்டும் சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு எழுதுவியுங்கள்; பிழையான வசனத்தைப் பத்திரத்தைப் பதிவுசெய்யும் அலுவலகம் ஏற்காது.

அந்த ஏழாம் பகுதியில் விருப்பம் ஒரு பெட்டி, கட்டளை இன்னொரு பெட்டி. விருப்பம் என்பது அற்றோர்னி மனதில் வைத்திருக்க வேண்டியது. கட்டளை என்பது மீறக்கூடாதது. கட்டளையைக் கூட எழுதினால் பிள்ளைகளின் கையைத்தான் கட்டுகிறீர்கள். ‘என்னை ஒருபோதும் பராமரிப்பு நிலையத்தில் விடக்கூடாது’ என்று கட்டளை எழுத ஆசையாக இருக்கும். இரவில் மூன்று தரம் எழும்பி, இருவர் சேர்ந்து தூக்க வேண்டிய நிலை வந்தால், அந்த வசனம் மருமகளைத்தான் முறிக்கும். அதை விருப்பப் பெட்டியில் எழுதுங்கள்: இயன்றவரை வீட்டில் வைத்துப் பாருங்கள், இயலாவிட்டால் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கும் இடமாகப் பாருங்கள் என்று. செவ்வாய், வெள்ளியில் மரக்கறி, நெற்றியில் திருநீறு, குளிப்பாட்ட வருகிறவர் பெண்ணாக இருக்க வேண்டும், இவையும் அங்கேதான். மாஸ்ரர், “காலமை பிளேன்ரீ, சீனி ரெண்டு” என்று எழுதச் சொன்னார். ரீச்சர் சீனியை வெட்டிவிட்டார்.

உடல்நலப் பத்திரத்தின் ஐந்தாம் பகுதியில்தான் எல்லார் வீட்டிலும் பேச்சு நின்றுபோகும். உயிரைத் தக்கவைக்கும் சிகிச்சையை ஏற்பதா மறுப்பதா என்று முடிவெடுக்கும் அதிகாரத்தை அற்றோர்னிக்குக் கொடுக்கிறீர்களா இல்லையா என்று அது கேட்கிறது. ‘ஏ’ என்றால் கொடுக்கிறேன். ‘பி’ என்றால் கொடுக்கவில்லை. அந்த முடிவை, உங்கள் நன்மை எதுவென்று பார்த்து, வைத்தியர்கள் எடுப்பார்கள். இரண்டில் ஒன்றில்தான் கையெழுத்து வைக்கலாம், அதுவும் சாட்சியின் முன்னால். குழாய் மூலம் உணவு, செயற்கைச் சுவாசம் போன்றவையெல்லாம் இதற்குள் வரலாம்.

எதைத் தெரிவது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ‘ஏ’யில் கையெழுத்து வைத்துவிட்டு, பிள்ளையிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் விடுவது அநியாயம். ஐ.சி.யூ. வாசலில் நின்று, அப்பா என்ன நினைத்திருப்பார் என்று ஊகிக்கும் பாரத்தை அந்தப் பிள்ளை தலையில் ஏற்றுகிறீர்கள். பிறகு சொந்தபந்தம் வேறு, ‘நீதானே வேண்டாம் எண்டு சொன்னனீ’ என்று வாழ்நாள் முழுக்கக் கதைக்கும். அபசகுனம் என்று தள்ளாமல், கைத்தொலைபேசியை வைத்துவிட்டு, ரொறொன்ரோ மகளையும் வீடியோவில் எடுத்து ஒரு மணித்தியாலம் பேசுங்கள். அற்றோர்னிக்கு அதிகாரம் இருந்தாலும், வைத்தியர் பலனில்லை என்று சொல்லும் சிகிச்சையைச் செய்தே ஆகவேண்டும் என்று அவரால் கட்டளையிட முடியாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

அடுத்தது, சான்று கொடுப்பவர். படிவத்தில் ‘சேர்ட்டிஃபிகேட் புரொவைடர்’. நீங்கள் விளங்கித்தான் செய்கிறீர்கள், யாரும் வற்புறுத்தவில்லை, ஏமாற்றவில்லை என்று உறுதிப்படுத்தும் வெளியாள் இவர். உங்களைக் குறைந்தது இரண்டு வருடமாக நேரில் நன்றாகத் தெரிந்தவராக இருக்க வேண்டும், அல்லது ஜீ.பி., சட்டத்தரணி, சமூக சேவையாளர் போன்ற தகுதி உள்ளவராக இருக்க வேண்டும். உங்கள் குடும்பத்தவரோ அற்றோர்னியின் குடும்பத்தவரோ கூடாது. மருமகன், மச்சான், சம்பந்தி எல்லாரும் தள்ளி. நமது ஆட்கள் இதில்தான் சறுக்குவார்கள்: ‘மாமா’ என்று கூப்பிடுகிறவர் உண்மையில் மாமாவா, கோயிலில் பழக்கமானவரா என்று சரியாகப் பார்க்க வேண்டும். கோயிலில் பழகிய சிநேகிதர் என்றால் தாராளமாகச் செய்யலாம்.

அவர் உங்களோடு தனியே பேச வேண்டும், அற்றோர்னிகள் பக்கத்தில் இல்லாமல். இது சம்பிரதாயத்துக்கு அல்ல. ரீச்சர் வீட்டில், சான்று கொடுக்க வந்த பழைய சிநேகிதி முன்னறையில் மாஸ்ரரோடு இருக்க, மகனைக் குசினிக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினோம். மகனுக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. சிநேகிதி தமிழிலேயே கேட்டார்: இது என்ன கடதாசி, ஏன் எழுதுறியள், ஏன் மகனைப் போட்டிருக்கிறியள், அவர் பிழைவிட்டா என்ன செய்வியள், ஆராவது எழுதச் சொல்லி நெருக்கினவையோ? மாஸ்ரர் திகதியைத்தான் பிழையாகச் சொன்னார். மற்றது எல்லாவற்றுக்கும் பதில் சரி. தமிழ் தெரிந்த ஒருவர் சான்று கொடுப்பதில் உள்ள நன்மை இதுதான். மகன் மொழிபெயர்க்க உட்கார்ந்தால் தனியே பேசுவதன் அர்த்தமே போய்விடும்.

கையெழுத்து ஒழுங்கு மாறினால் பத்திரம் திரும்பி வரும். படிவம் இருபது பக்கம் இருக்கும். ஒன்பதாம் பகுதியில் முதலில் எழுதிக் கொடுப்பவர் கையெழுத்து வைக்க வேண்டும், சாட்சி பார்த்துக்கொண்டிருக்க. பிறகுதான் பத்தாம் பகுதியில் சான்று கொடுப்பவர். அதற்குப் பிறகு பதினோராம் பகுதியில் அற்றோர்னிகள், மாற்று அற்றோர்னிகள் உட்பட. திகதிகளும் அந்த வரிசையிலேயே போக வேண்டும். ஒரே நாளாகவும் இருக்கலாம், ஆனால் பின்னுக்கு நிற்க வேண்டியவர் முன்னுக்கு வரக்கூடாது. உங்கள் கையெழுத்துக்கு அற்றோர்னி சாட்சியாக முடியாது. சான்று கொடுப்பவர் ஆகலாம். அற்றோர்னியின் கையெழுத்துக்கு நீங்கள் சாட்சியாக முடியாது. உடல்நலப் படிவத்தில் ஐந்தாம் பகுதியின் கையெழுத்து, ஒன்பதாம் பகுதிக்கு முன்னரோ அதே நாளிலோ வைக்கப்பட வேண்டும். கறுப்புப் பேனை. பிழை வந்தால் வெள்ளை மை பூசாமல், வெட்டி, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்து. கையெழுத்து வைக்க முடியாத அளவுக்குக் கை நடுங்கினால், உங்கள் முன்னிலையில் இன்னொருவர் வைக்கவும் தனித் தாள் உண்டு. வாசிக்க முடியாதவருக்கு வாசித்துக் காட்டினாலும் போதும். படிவமே அதை ஏற்கிறது.

கையெழுத்து வைத்ததோடு வேலை முடியவில்லை. பேர்மிங்ஹாமில் உள்ள ‘ஒஃபிஸ் ஒஃப் த பப்ளிக் கார்டியன்’, அதாவது ஓ.பி.ஜி., பதிவுசெய்தால்தான் அது பத்திரம். அதுவரை வெறும் கடதாசி. ஒன்றுக்குக் கட்டணம் 2025 நவம்பரிலிருந்து 92 பவுண். கணவன் மனைவி இருவரும் இரு வகையும் எழுதினால் நாலு பத்திரம், 368 பவுண். வருட வருமானம் 12,000 பவுணுக்குக் குறைந்தால் பாதிதான். பென்சன் கிரெடிட்டின் உத்தரவாதப் பகுதி போன்ற சில உதவிப்பணம் பெறுகிறவர்களுக்கு ஒன்றுமில்லை. இந்தச் சலுகையைக் கேட்காமலே முழுக் காசையும் கட்டுகிறவர்கள் நம்மில் அநேகம். தனிப் படிவம் நிரப்பிக் கேட்க வேண்டும். ஆட்சேபம் சொல்ல நாலு கிழமை அவகாசம் சட்டத்திலேயே இருப்பதால், எப்படியும் சில மாதம் எடுக்கும். நோய் முற்றிய பிறகு ஓடுவதற்கு இது ஏற்ற வேலை அல்ல.

எதிர்த்தரப்பையும் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. கோர்ட் ஒஃப் புரொடெக்ஷனின் மூத்த நீதிபதியாக நெடுங்காலம் இருந்து ஓய்வுபெற்ற டென்சில் லஷ், 2017இல், தான் ஒருபோதும் எல்.பி.ஏ.யில் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று பகிரங்கமாகச் சொன்னார். அற்றோர்னி யாருக்கும் வருடாவருடம் கணக்குக் காட்ட வேண்டியதில்லை, டெபியூட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு உண்டு என்பது அவர் வாதம். பிள்ளைகள் பெற்றோரைச் சுரண்டிய வழக்குகளை மேசையில் பார்த்துப் பார்த்து வந்த மனிதர். அவர் சொல்லைத் தட்டிவிட முடியாது. நான் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறேன், தடையாக அல்ல. சாதாரணக் குடும்பத்துக்கு நீதிமன்ற வழியின் செலவும் தாமதமும் தாங்காது. அதற்குப் பதில் காவலைப் பத்திரத்துக்குள்ளேயே போடலாம். ஆறாம் பகுதியில், பதிவுக்கு முன்னர் அறிவிக்க வேண்டியவர்கள் என்று ஐந்து பேர்வரை எழுதலாம்; அற்றோர்னியாக இல்லாத பிள்ளையின் பெயர் அங்கே இருக்கட்டும். வருடத்துக்கு ஒருமுறை கணக்கை இன்னாருக்குக் காட்ட வேண்டும் என்று ஏழாம் பகுதியில் எழுதலாம். யாராவது முறைகேடு செய்வதாகச் சந்தேகம் வந்தால் ஓ.பி.ஜி.க்கு அறிவிக்கலாம், விசாரிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. உங்களுக்குத் தெளிவு இருக்கும்வரை எந்த நேரமும் பத்திரத்தை ரத்துச் செய்யவும் முடியும்.

ஒரு வேலை படிவத்தில் இல்லை, ஆனால் அதைவிட முக்கியம். எந்த வங்கி, எந்தப் பென்சன், எந்தக் காப்புறுதி, வீட்டு உறுதி எங்கே, லொக்கர் திறப்பு எங்கே என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். சீட்டுக் காசு யாரிடம் நிற்கிறது, கைமாற்றாகக் கொடுத்தது எவ்வளவு என்பதும் அதில் வரட்டும். கடதாசி இல்லாத காசை எந்த அற்றோர்னியாலும் மீட்க முடியாது.

“ஊரில காணி இருக்கு. அதுக்கும் இது செல்லுமோ?” கடைசியாக மாஸ்ரர்தான் கேட்டார்.

அதை இதன்மேல் நம்பி விடாதீர்கள். இது இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்துக்குள் பிறந்தது. யாழ்ப்பாணத்துக் காணிக்கு இலங்கைச் சட்டப்படி, அங்குள்ள நொத்தாரிசைக் கேட்டுத் தனியாக எழுத வேண்டும். தமிழ்நாட்டில் சொத்து வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான்; 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி, எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அங்குள்ள பவர் முடிந்துபோகும். அதனால் ஊர்க் காணியைப் பிள்ளைகளுக்கு எழுதுவதோ விற்பதோ, உங்கள் கையாலேயே, உங்கள் தெளிவிலேயே முடித்துவிடுவதுதான் நல்லது. எல்.பி.ஏ. மரணசாசனமும் அல்ல. நீங்கள் கண்மூடிய நிமிடத்தில் அது முடிந்துவிடும். அதற்குப் பிறகு உயிலில் பெயர் எழுதிய நிறைவேற்றுநர்தான் பொறுப்பு.

படிவத்தை அரசாங்க இணையத்தளத்தில் இலவசமாக எடுக்கலாம். அங்கேயே நிரப்பி அச்சிட்டு, பேனையால் கையெழுத்து வைத்து அனுப்பலாம். வீடு ஒன்று, பென்சன் ஒன்று, பிள்ளைகள் இருவர் என்ற அளவிலான குடும்பத்துக்குச் சட்டத்தரணி கட்டாயமில்லை. இரண்டாம் கலியாணம், வியாபாரம், வெளிநாட்டுச் சொத்து, பிள்ளைகளுக்குள் வழக்கு என்று சிக்கல் இருந்தால் சட்டத்தரணிக்குக் கொடுக்கும் காசு வீணல்ல. அடுத்த விடுமுறைக்குப் பிள்ளைகள் வீட்டுக்கு வரும்போது மூன்றாம், ஐந்தாம், ஏழாம் பகுதிகளை அவர்கள் முன்னால் வைத்து முதலில் பேசுங்கள். மற்றப் பகுதிகள் பெரும்பாலும் பெயர், முகவரி, பிறந்த திகதி. அவற்றை ஒரு பின்னேரத்தில் நிரப்பிவிடலாம்.